மேட் ரெம்பியை எங்கே நிறுத்துவது?

ஐஸ் ஹாக்கியில் 6 அடி 2 அங்குலம் என்பது சாதாரண உயரம். வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். வீரர்களின் சராசரியே 6 அடி 1 அங்குலத்தை ஒட்டி வரும். அந்தக் கூட்டத்திலும் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியின் மேட் ரெம்பி தனியாகத் தெரிகிறார். 6 அடி 7 என்று எழுதிய பட்டியலும் உண்டு, 6 அடி 9 என்று எழுதிய பட்டியலும் உண்டு. ஸ்கேட்டை மாட்டிக்கொண்டு நின்றால் ஏழடியை நெருங்குகிறார். புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2020இல் ஆறாவது சுற்றில், 165ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். இவரிடம் பெரிய எதிர்பார்ப்பு எதுவும் அப்போது யாருக்கும் இல்லை.

இப்போது இவரைப் பற்றிப் பேசினாலே ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். இவர் ஐஸில் இறங்கினாலே எதிரணி பம்முகிறது, அரங்கமே எழுந்து நிற்கிறது, அது போதாதா என்கிறது ஒரு கட்சி. பெனால்டி (விதி மீறியதற்காகச் சில நிமிடம் வெளியே உட்காரும் தண்டனை) வாங்குவதைத் தவிர என்ன செய்தார் என்று கேட்கிறது மறு கட்சி. எவ்வளவு பலமாக மோதுகிறார், எத்தனை பேரை விழவைக்கிறார் என்பதை வைத்தே இரண்டும் அவரை அளக்கின்றன. அந்த அளவுகோலில் எனக்கு உடன்பாடில்லை. அந்த உயரமும் கையெட்டும் ரிங்கின் (ஐஸ் மைதானத்தின்) எந்த இடத்தில் இருந்தால் எதிரணிக்குத் தொல்லை அதிகம் என்று கேட்டால் விவாதம் வேறு திசையில் போகும். கோச்சின் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று ஆபத்தானது, ஒன்று தாமதமானது, மற்ற இரண்டும் சேர்த்துப் பார்க்க வேண்டியவை.

முதலில், இதுவரை நடந்தது. 2024 பிப்ரவரி 18 அன்று நியூ ஜெர்சியின் மெட்லைஃப் ஸ்டேடியத்தில், திறந்தவெளியில் நியூயார்க் ஐலண்டர்ஸுக்கு எதிரான ஆட்டம்தான் ரெம்பியின் முதல் என்.எச்.எல். ஆட்டம். முதல் ஷிஃப்டிலேயே, அதாவது ஐஸில் இறங்கிய முதல் முறையே, ஐலண்டர்ஸின் மேட் மார்ட்டினுடன் சண்டைக்குக் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டார். நான்கு நாள் கழித்து நியூ ஜெர்சி டெவில்ஸின் நேதன் பாஸ்டியன் மீது மோதியதற்காக ஆட்டத்திலிருந்தே வெளியேற்றப்பட்டார். அடுத்த இரண்டாம் நாள் பிலடெல்ஃபியாவில் நிக்கோலா டெலோரியேவுடன் ஒரு பெரிய சண்டை. அதே ஆட்டத்தில்தான் அவருடைய முதல் கோலும் வந்தது. மார்ச்சில் டெவில்ஸின் யோனாஸ் சீகன்தாலரின் தலையில் முழங்கை பட்டதற்கு நான்கு ஆட்டத் தடை. ஏப்ரல் 3 அன்று அதே டெவில்ஸுக்கு எதிராகப் பக் (ஆடும் ரப்பர் வட்டு) விழுந்த மறுகணமே, கோல்கீப்பர்கள் தவிர ஐஸில் இருந்த பத்துப் பேரும் மோதிக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர் ரெம்பி.

அந்த சீசனில் 17 ஆட்டம், 1 கோல், 1 அசிஸ்ட் (கோலுக்கு உதவிய பாஸ்), 71 பெனால்டி நிமிடங்கள். ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஆறு நிமிடம் ஐஸில் நின்றவர், ஆட்டத்துக்கு நான்கு நிமிடத்துக்கும் மேல் தண்டனை வாங்கியிருக்கிறார். வெளியேற்றத் தண்டனைகளும் அந்தக் கணக்கில் சேர்ந்தவைதான், ஆனாலும் இந்த விகிதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. 2024 டிசம்பரில் டல்லஸின் மீரோ ஹெய்ஸ்கனெனை ரிங்கைச் சுற்றியுள்ள பலகையோடு சேர்த்து மோதியதற்கு எட்டு ஆட்டத் தடை வந்தது. 2024-25 சீசன் முழுவதற்கும் 42 ஆட்டத்தில் 3 கோல், 5 அசிஸ்ட்.

அடியாள் வேலை

முதல் வழி, இப்போது இருப்பதையே தொடர்வது. ஆறேழு நிமிடம் ஆடட்டும், எதிரணியின் முரடன் யாராவது நம் நட்சத்திரங்களைத் தொட்டால் இவர் கவனித்துக்கொள்வார் என்று விட்டுவிடுவது. ரசிகர்களில் பலர் விரும்புவது இதைத்தான். அவர்களின் வாதத்தில் ஒரு உண்மை இருக்கிறது. தன் பக்கம் இப்படி ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்பு சக வீரர்களுக்கு ஒரு தெம்பைத் தரும். நாற்பது வயது வரை ஆடியவர்களும் அதைச் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இருந்தும் இந்த வழியை நான் முழுமையாக எதிர்க்கிறேன். முதல் காரணம் உடலின் வடிவம். ஸ்கேட் செய்யும் வீரர் முழங்காலை மடக்கி, முதுகை வளைத்து, தலையை முன்னே நீட்டியபடி வருவார். அந்த நிலையில் அவருடைய தலை, ரெம்பியின் மார்பும் முழங்கையும் இருக்கும் உயரத்துக்கு வந்துவிடுகிறது. 6 அடி உள்ள ஒருவர் தோளால் மோதினால் எதிராளியின் தோளில் படும். அதே மோதலை ரெம்பி செய்தால் முகத்தில் படும். தலையைத் தாக்கும் மோதல்களுக்கு எதிராக 2010இல் லீக் தனி விதியே கொண்டுவந்தது, நடுவர்களின் கண்ணும் அன்றிலிருந்து அங்கேதான் இருக்கிறது. ஆகவே சட்டப்படி மோத வேண்டுமானால் இவர் மற்றவர்களைவிட மிக ஆழமாகக் குனிய வேண்டும், முழங்கையை உடலோடு ஒட்டிவைக்க வேண்டும், வேகத்தையும் முன்கூட்டியே குறைக்க வேண்டும். இத்தனையும் செய்தால் மோதலின் பயங்கரம் பாதியாகிவிடும். செய்யாவிட்டால் தடை. அதாவது எந்தக் குணத்துக்காக இவரை அணியில் வைக்கிறார்களோ, அந்தக் குணத்துக்கே விதிகளுக்குள் இடம் குறைவு. சீகன்தாலர், ஹெய்ஸ்கனென் சம்பவங்களை ரெம்பியின் கெட்ட எண்ணத்தால் வந்தவை என்று நான் பார்க்கவில்லை. அவற்றில் பெரும்பகுதி, அவ்வளவு நீளமான கையைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொள்ளாததால் வந்த விளைவு. அடிபட்டவர்களுக்கு அந்த வித்தியாசத்தால் ஒரு ஆறுதலும் இல்லை.

இரண்டாவது காரணம் இன்னும் கனமானது. இதே ரேஞ்சர்ஸ் 2010இல் டெரெக் பூகார்ட் என்பவரைப் பெரும் ஒப்பந்தத்தில் அழைத்து வந்தது. அவரும் 6 அடி 7 அங்குலம். வேலை சண்டை. 277 ஆட்டங்களில் 3 கோல். நியூயார்க்கில் முதல் சீசனிலேயே ஒரு சண்டையில் மூளை அதிர்ச்சி ஏற்பட்டு, அதன்பின் அவர் ஆடவே இல்லை. 2011 மே மாதம், 28 வயதில் இறந்துபோனார். பாஸ்டன் பல்கலைக்கழகம் அவருடைய மூளையை ஆராய்ந்தபோது, திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்டவர்களுக்கு வரும் சி.டி.இ. பாதிப்பு இருந்தது தெரியவந்தது. இந்த ஒரு வரலாற்றை வைத்துக்கொண்டு, 2002இல் பிறந்த ஒரு இளைஞனிடம் அதே வேலையைச் செய் என்று சொல்ல ஒரு அணிக்கு மனம் வரக் கூடாது. அரங்கம் கைதட்டுகிறது என்பது அதற்கு ஒரு பதில் ஆகாது.

அந்த வேலையில் நல்லபடியாக முடிந்த வாழ்க்கையும் உண்டு. 6 அடி 8 அங்குல ஜான் ஸ்காட் 286 ஆட்டங்களில் 5 கோல் போட்டார். 2016 ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ரசிகர்கள் அவரை வாக்களித்து அனுப்ப, அங்கே இரண்டு கோல் போட்டுச் சிறந்த வீரர் பட்டத்தையும் வாங்கிவிட்டார். அருமையான கதைதான். அந்த ஒரு வார இறுதியைக் கழித்துப் பார்த்தால், ஒரு தொழில் வாழ்க்கை முழுவதிலும் அவருடைய ஸ்டிக்கில் பக் இருந்த நேரம் மிகக் குறைவு.

பாயில் போன பாதை

இரண்டாவது வழிக்கு உதாரணம் ரேஞ்சர்ஸ் வரலாற்றிலேயே இருக்கிறது. பிரையன் பாயில், 6 அடி 6 அங்குலம். 2003 டிராஃப்டின் முதல் சுற்றில் லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் எடுத்தது. கோல் போடுவார் என்று நம்பி எடுத்தார்கள், நடக்கவில்லை. கீழ் லீக்கில் டிஃபென்ஸில்கூட நிறுத்திப் பார்த்தார்கள். 2009இல் நியூயார்க் வந்தபோது மெதுவாக நகரும் பெரிய மனிதர் என்ற பெயர் அவருக்கு ஒட்டியிருந்தது. அதற்கு அடுத்த கோடையில், ஜோடி ஃபிகர் ஸ்கேட்டிங்கில் 1984 உலகச் சாம்பியனான பார்பரா அண்டர்ஹில்லிடம் ஸ்கேட்டிங்கை அடிப்படையிலிருந்து பழகினார். 2010-11 சீசனில் 21 கோல். அதற்குப் பிறகு அவ்வளவு கோல் அவருக்கு வரவில்லை. ஆனால் நான்காம் லைனின் (மாறி மாறி இறங்கும் மூவர் கூட்டங்களில் நான்காவதன்) நடுவில் ஆடும் சென்டராக, பெனால்டியால் அணி ஒரு ஆள் குறைந்து ஆடும் பெனால்டி கில்லில் முதலில் இறங்குகிறவராக, ஃபேஸ்-ஆஃப் (நடுவர் பக்கைப் போட்டதும் அதற்காக இருவர் போட்டியிடுவது) எடுப்பவராக 2014 இறுதிச் சுற்று வரை அணி அவரைச் சார்ந்திருந்தது.

பாயிலின் உயரம் எங்கே வேலை செய்தது என்று கவனித்தால் மோதலில் இல்லை என்பது புரியும். பெனால்டி கில்லில் நான்கு பேர் ஐந்து பேரைச் சமாளிக்க வேண்டும். பக் போகக்கூடிய பாதைகளை ஸ்டிக்கால் மூடுவதுதான் அங்கே வேலை. சாதாரண வீரருக்கு ஸ்டிக்கின் நீளம் 63 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 6 அடி 6 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள் அனுமதி கேட்டு 65 அங்குலம் வரை வைத்துக்கொள்ளலாம். அந்த ஸ்டிக், அதைப் பிடித்த நீண்ட கை, நீண்ட கால் எல்லாம் சேர்ந்தால் ஒரு ஆள் இருந்த இடத்திலிருந்தே ஒன்றரை ஆளின் பரப்பை அடைக்கலாம். பாஸ் கொடுப்பவர் ஒரு நொடி தயங்கினாலே கோல்கீப்பருக்கு நகர நேரம் கிடைத்துவிடும். இந்த வேலைக்குப் பெனால்டி வராது, யாருக்கும் காயம் வராது.

எதிரணியின் பகுதிக்குள்ளேயே போய்ப் பக்கைப் பறிக்க நெருக்கும் ஃபோர்செக்கிலும் இதே கணக்குதான். எதிரணியின் டிஃபென்ஸ் வீரர் தன் கோலுக்குப் பின்னால் போய்ப் பக்கை எடுக்கும்போது, பின்னால் வருகிறவர் ரெம்பி என்று தெரிந்தால் அவசரப்பட்டு அடித்துவிடுவார். அவரை மோதவே தேவையில்லை. வந்து சேர்ந்து, பாதையை மறித்து, ஸ்டிக்கை நீட்டினால் போதும். மோதல் வரும் என்ற பயம் மட்டும் மிஞ்சட்டும், மோதல் மிகச் சில முறை நடக்கட்டும். ரெம்பியின் நல்ல ஆட்டங்களை எடுத்துப் பார்த்தால் இந்த வகையான ஷிஃப்டுகள்தான் அதிகம். 2024 ஏப்ரல் 21 அன்று வாஷிங்டனுக்கு எதிரான பிளேஆஃப் முதல் ஆட்டத்தில் கோல் கணக்கைத் தொடங்கிவைத்தது இவருடைய நான்காம் லைன், போட்டது ரெம்பி. ரேஞ்சர்ஸ் 4-1 என வென்றது.

இந்த வழியில் ஒரு தடை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பாயில் சென்டர், ரெம்பியைப் பெரும்பாலும் ஓரத்தில், விங்கில்தான் நிறுத்துகிறார்கள். ஃபேஸ்-ஆஃபில் பாயில் கொடுத்ததை இவரிடம் எதிர்பார்க்க முடியாது. ஸ்கேட்டிங்கில் நேராகப் போகும் வேகம் இவருக்குப் போதுமான அளவு இருக்கிறது, திரும்புவதுதான் சிரமம். உயரமானவரின் எடை மேலே இருப்பதால் திடீர்த் திருப்பத்தில் வளைவு பெரிதாகிவிடும், அந்த இடைவெளியில் 5 அடி 10 அங்குலச் சுறுசுறுப்பான ஆள் ஒருவர் நழுவிவிடுவார். பாயில் செய்ததுபோல ஸ்கேட்டிங்கை ஒரு கோடை முழுக்க உழைத்துச் சரிசெய்தால் தவிர பெனால்டி கில்லில் இவரை நம்பி இறக்க முடியாது.

கோல் வாசல்

மூன்றாவது வழிதான் என்னை இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. எதிரணி பெனால்டியால் ஒரு ஆள் குறைந்து ஆடும் நேரமான பவர் பிளேயில் ஒரு வீரர் எதிரணியின் கோல்கீப்பர் முன்னால் போய் நிற்பார். தூரத்திலிருந்து வரும் ஷாட்டைக் கோல்கீப்பர் பார்க்கவிடாமல் மறைப்பது, பக்கை ஸ்டிக்கால் தொட்டுத் திசை மாற்றுவது, திரும்பி வரும் பக்கை உள்ளே தள்ளுவது இவருடைய வேலை. ரேஞ்சர்ஸில் இந்த வேலையைப் பல வருடம் கிறிஸ் கிரைடர் செய்தார். 2021-22 சீசனில் அவர் போட்ட 52 கோலில் 26 பவர் பிளேயில் வந்தவை. அவற்றில் எத்தனையோ கோல்கள் வலையிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் நின்று போட்டவை. 326 கோலோடு கிளப் வரலாற்றின் மூன்றாம் இடத்தில் இருந்த அவரை 2025 ஜூனில் அனஹெய்முக்குக் கொடுத்துவிட்டார்கள். கிரைடரின் உயரம் 6 அடி 3. அந்த இடம் காலியானபோது, அணியிலேயே மிக உயரமானவரின் பெயர் அந்தப் பேச்சில் அடிபடாதது எனக்குப் புரியவே இல்லை.

கோல்கீப்பரின் பக்கத்திலிருந்து யோசிக்கலாம். வலையின் உயரம் 4 அடி, அகலம் 6 அடி. முன்னால் நிற்பவர் சராசரி உயரம் என்றால் கோல்கீப்பர் எழும்பி அவருடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்க முயல்வார். ரெம்பி நின்றால் அந்த வழி முழுதாக அடைபடுகிறது. பக்கவாட்டில் சாய்ந்தோ, கால்களுக்கு இடையில் குனிந்தோதான் பார்க்க முடியும். சாய்ந்தால் ஒரு மூலை திறக்கும், குனிந்தால் மேல்பகுதி திறக்கும். பக் ஸ்டிக்கை விட்டுக் கிளம்பும் முன்பே கோல்கீப்பர் ஒரு தவறான தேர்வைச் செய்துவிட்டார்.

டிஃபென்ஸ் வீரரின் நிலையும் மோசம். இத்தனை பெரிய உடம்பை அந்த இடத்திலிருந்து நகர்த்த, முதுகில் ஸ்டிக்கால் தள்ளுவதே பழைய வழக்கம். 2021-22 சீசனிலிருந்து அப்படித் தள்ளுவதை நடுவர்கள் கண்டிப்புடன் கவனிக்க வேண்டும் என்று லீக் அறிவுறுத்தியது. ஆக, ரெம்பி சும்மா நின்றாலே எதிரணி பெனால்டி வாங்கும் சூழல். இதுவரை பெனால்டியை வாங்கிக்கொண்டிருந்த ஆளை, பெனால்டியை எதிரணிக்கு வாங்கிக்கொடுக்கும் ஆளாக மாற்றக்கூடிய ஒரே இடம் ரிங்கில் இதுதான்.

நீண்ட கை இங்கேயும் உதவும். கோல்கீப்பரின் நீல வட்டத்துக்குள் நின்று அவரைத் தடுத்தால் கோல் ரத்தாகும். கை குட்டையானவர்கள் திரும்பி வரும் பக்கை எட்டுவதற்காக வட்டத்துக்குள் கால் வைத்துவிடுகிறார்கள். ரெம்பி வட்டத்துக்கு வெளியே நின்றபடியே வலையின் இரண்டு பக்கத்துக்கும் ஸ்டிக்கை எட்டவைக்கலாம்.

இதைச் செய்தவர் இருக்கிறாரா என்று கேட்டால், இந்த லீக் கண்ட மிக உயரமான நட்சத்திரமே செய்திருக்கிறார். 6 அடி 9 அங்குல ஸ்டெனோ சாரா, 2009இல் சிறந்த டிஃபென்ஸ் வீரருக்கான நாரிஸ் கோப்பையை வாங்கியவர், 2011இல் பாஸ்டனின் கேப்டனாக ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியவர். 2012இல் மணிக்கு 108.8 மைல் வேகத்தில் ஷாட் அடித்துக் காட்டிய அந்த ஆளைப் பவர் பிளேயில் தூரத்தில் நிறுத்தி அடிக்கவைப்பதுதான் எவருக்கும் தோன்றும். 2013-14இல் பாஸ்டன் அவரைக் கோல் வாசலில் போய் நிற்கச் சொன்னது. அந்த சீசனில் சாரா 17 கோல் போட்டார். அவ்வளவு வலிமையான ஷாட் உள்ளவருக்கே அவருடைய உடம்பு வாசலில் நிற்பது அதிகம் பயன்பட்டது என்றால், ஷாட் பெரிதாக இல்லாத ரெம்பிக்கு அது எவ்வளவு பொருந்தும்.

எதிர்வாதம் வலுவானது, அதையும் சொல்ல வேண்டும். வாசலில் நிற்பதற்கு உடம்பு மட்டும் போதாது, விரைவான கை வேண்டும். மணிக்கு 90 மைல் வேகத்தில் வரும் பக்கை நுனி ஸ்டிக்கால் தொட்டு, அதுவும் 4 அடி உயரக் கம்பிக்கு மேலே ஸ்டிக் போகாமல் தொட்டு, வலைக்குள் திருப்ப வேண்டும். கிரைடருக்கே அது பல வருடப் பயிற்சி. ரெம்பியின் கை அவ்வளவு மென்மையானது என்று சொல்ல இதுவரை ஆதாரம் இல்லை. பவர் பிளேயில் முதலில் இறங்கும் ஐவரான முதல் யூனிட்டில் இவரைப் போட்டால் நான்கு நட்சத்திரங்களின் தாளம் கெடலாம். அதனால்தான் நான் இரண்டாம் யூனிட் என்கிறேன். இரண்டு நிமிடப் பவர் பிளேயில் அந்த யூனிட்டுக்குக் கடைசி நாற்பது, ஐம்பது விநாடி கிடைக்கும். சோதனை தோற்றாலும் நஷ்டம் அவ்வளவுதான்.

ஹார்ட்ஃபோர்ட், இன்னும் சில யோசனைகள்

நான்காவது வழி, கீழ் லீக்கில் உள்ள ஹார்ட்ஃபோர்ட் வுல்ஃப் பேக்குக்கு அனுப்பி நிறைய நேரம் ஆடவைப்பது. 2024-25இல் இதைச் செய்தார்கள், தவறில்லை. பெரிய உடம்புக்காரர்கள் முதிர வருடங்கள் ஆகும், நியூயார்க்கில் ஆறு நிமிடம் ஆடுவதைவிட அங்கே பதினைந்து நிமிடம் ஆடினால் கை பழகும். ஆனால் வயதும் அனுபவமும் கூடக் கூட, வேவர்ஸ் வழியாக, அதாவது மற்ற அணிகள் எடுத்துக்கொள்ள வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் கீழே அனுப்ப முடியும். இவ்வளவு பெயர் வாங்கிய ஒருவரை 31 அணிகளில் ஒன்றாவது எடுத்துக்கொள்ளும். 2025 கோடையில் இரண்டு வருடத்துக்கு, வருடத்துக்கு 9,75,000 டாலர் என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு மலிவான வீரரை இழக்கும் அபாயத்தை எடுக்கத் தேவையில்லை.

டேஜ் தாம்சனைச் சுட்டிக்காட்டி, ரெம்பியையும் மேல் லைனில் போட்டுப் பாருங்கள் என்கிறவர்கள் இருக்கிறார்கள். தாம்சன் 6 அடி 6, பஃபலோவில் வெகுநாள் தடுமாறினார், விங்கிலிருந்து சென்டருக்கு மாற்றியதும் 38 கோல், அதற்கடுத்த சீசனில் 47. ஆனால் தாம்சன் முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர், அவருடைய ஷாட் சிறுவயதிலிருந்தே தனித்துத் தெரிந்தது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருப்பது உயரம் ஒன்றுதான். டிஃபென்ஸுக்கு மாற்றும் யோசனையைப் பற்றி ஒரு வரி போதும்: பின்னோக்கி ஸ்கேட் செய்யக் கற்றுக்கொள்ள வயது கடந்துவிட்டது.

ஆகவே என் தேர்வு இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்தது. நான்காம் லைனில் நிலையான இடம், எட்டு முதல் பத்து நிமிடம் வரை. இரண்டாம் பவர் பிளே யூனிட்டில் கோல் வாசல். தினப் பயிற்சி முடிந்ததும் அரை மணி நேரம் பக்கைத் தொட்டுத் திருப்பும் பயிற்சி, வேறெதுவும் வேண்டாம். எதிரணியில் எவராவது சண்டைக்கு அழைத்தால் மறுக்க அவருக்கு முழு உரிமை உண்டு என்று கோச் உடைமாற்றும் அறையில் எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். இது மிக முக்கியம். முதல் சீசனில் ஒவ்வொரு அணியின் முரடனும் இவரோடு மோதிப் பெயர் வாங்க விரும்பினான், மறுத்தால் கோழை என்பார்களோ என்ற நெருக்கடி இருபத்தொரு வயதுப் பையன் மேல் இருந்தது. அதை அவர் தலையிலிருந்து இறக்கிவைக்க வேண்டியது அணியின் பொறுப்பு.

இருபத்தைந்து ஆட்டம் இப்படி ஓடட்டும். இரண்டு எண்ணிக்கையை மட்டும் பார்ப்பேன்: இவர் வாங்கிய பெனால்டி எத்தனை, இவருக்காக எதிரணி வாங்கிய பெனால்டி எத்தனை. இரண்டாவது பெரிதாக இருந்தால் கோல் வராவிட்டாலும் தொடரலாம். முதலாவது பெரிதாகவே இருந்தால் பவர் பிளே இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, ஸ்கேட்டிங்குக்கு ஒரு கோடையை ஒதுக்கி, பெனால்டி கில்லுக்கு இவரைத் தயார்செய்யலாம். அதுவும் சரிவராவிட்டால் வேறு அணிக்கு விற்றுவிடலாம். அப்போதும் கையுறையைக் கழற்றுவதற்காக மட்டும் இவரை ஐஸில் இறக்கக் கூடாது.